காரியதரிசியின் தர்மம்

வாழ்வின் நடுப்பகுதியை அடைந்த ஒருவர், பல ஆண்டுகள் பழகிய தொழிலை விட்டு, மற்றொருவருடைய காரியங்களை நடத்திக் கொடுப்பதையே தம் காரியமாக ஏற்றுக்கொள்வாரானால், அவர் ஆன்ம வாழ்வில் ஏறுகிறாரா, இறங்குகிறாரா என்னும் வினா, மேலோட்டமாகப் பார்க்கும்போது உத்தியோகத்தைப் பற்றிய சிறு வினாவாகவே தோன்றும். ஆயினும், செயலின் பயன் யாருக்கு உரியது, பிறருக்கு ஆட்பட்டவன் சுதந்திரம் உடையவனாக இருக்க முடியுமா என்று கீதையும் சைவ சித்தாந்தமும் வைணவ ஆசாரியர்களும் நெடுங்காலமாக ஆராய்ந்து வந்த பெருவினாக்கள் அச்சிறு வினாவுக்குள்ளேயே அடங்கியிருக்கின்றன.

கோலாலம்பூரிலும் அதனைச் சூழ்ந்த கிள்ளான் பள்ளத்தாக்கிலும் இவ்வினா இன்று பல குடும்பங்களில் எழுகின்றது. பள்ளி ஆசிரியையாக இருந்தவர், மருத்துவமனையில் தாதியாக இருந்தவர், வங்கியில் கணக்குப் பார்த்தவர் ஆகியோர், வயது நாற்பதை நெருங்கும் வேளையில் அத்தொழில்களை விட்டு, பெரிய நிறுவனங்களின் தலைவர்களுக்கு எக்சிகியூட்டிவ் அசிஸ்டெண்டாகச் சேர்வதைக் காண்கிறோம். முன்னாளில் நம் பத்திரிகைகள் அந்தரங்கக் காரியதரிசி என்று எழுதிவந்த பதவியும் ஏறத்தாழ இதுவே. ஆதலின் பழகிய அப்பெயரையே இங்கு ஆளுகிறேன்.

அப்பணியின் நுட்பம் அதனை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கே விளங்கும். காலை ஒன்பது மணிக்கு இயக்குநர் கூட்டம் என்றால், கிள்ளானில் பொழுது விடியும் முன்பே கொமுட்டர் ரயில் ஏறி, கே.எல். சென்ட்ரலில் இறங்கி, அலுவலகம் சேர்ந்து, கூட்டத்துக்குரிய காகிதங்களை வரிசைப்படுத்தி, கையொப்பமிட வேண்டிய பக்கங்களில் எல்லாம் சிறு மஞ்சள் தாள்களை ஒட்டி, நிறுவனத் தலைவராகிய டத்தோ பேசவிருக்கும் உரையில் சென்ற ஆண்டுக் கணக்கு ஒன்று பிழையாக இருப்பதைக் கண்டு திருத்தி, சிங்கப்பூர் செல்லும் விமானச் சீட்டை மாலைக்கு மாற்றி, அவரைக் காணக் காத்திருக்கும் இருவருள் எவரை முதலில் உள்ளே அனுப்பினால் மற்றவர் மனம் நோகாது என்று நிதானித்து, அவருடைய தாயாரை அன்று மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டியிருப்பதை மெல்ல நினைவூட்டி, இவ்வளவும் செய்தது தெரியாதபடி ஓரத்தில் அமர்ந்து கூட்டக் குறிப்பு எழுதுவது காரியதரிசியின் வேலை. கூட்டம் நன்கு நடந்தேறினால் புகழ் டத்தோவைச் சேரும். ஒரு காகிதம் விடுபட்டால் பழி காரியதரிசியைச் சேரும். கடிதத்தின் கருத்தும் நடையும் ஒருவருடையவை, கையொப்பம் மற்றொருவருடையது.

எனக்குத் தெரிந்த ஒரு பெண்மணி, இடைநிலைப்பள்ளி ஆசிரியையாகப் பல ஆண்டுகள் இருந்தவர், இத்தகைய பதவி ஒன்றை ஏற்க எண்ணியபோது, கிள்ளானில் வசிக்கும் அவர் தந்தையார், துறைமுகத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவர், அதனைக் கேட்டுப் பெரிதும் வருந்தினார். “டீச்சர்னு ஊரே மதிக்கிற வேலைய விட்டுட்டு, ஒருத்தர் கூப்பிட்ட குரலுக்கு ஓடுற வேலைக்கா போகப் போற? இதுக்காம்மா உன்னைப் படிக்க வெச்சேன்?” என்று கேட்டார். “நீங்களும் அந்தக் காலத்துல துரைக்குக் கடிதம் எழுதிக் குடுத்தவங்கதானேப்பா?” என்றார் மகள். “நான் எழுதினது போதும்னுதாம்மா உன்னைப் படிக்க வெச்சேன்” என்று மறுமொழி சொன்னார் தந்தை.

அந்த மறுமொழிக்குப் பின்னால் இந்நாட்டுத் தமிழர் சரித்திரத்தின் பெரும்பகுதி நிற்கின்றது. ஒப்பந்தக் கூலி முறையிலும், அது 1910-ல் முடிவுற்ற பின்னர்க் கங்காணி முறையிலுமாக, இந்திய அரசாங்கம் 1938-ல் தடை விதிக்கும் வரையில், தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கப்பல் கப்பலாகக் கொண்டுவரப்பட்ட மக்கள், தம் உழைப்பின் மீதும் நேரத்தின் மீதும் தமக்கு உரிமையில்லாத வாழ்க்கையை ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்தனர். மற்றொரு புறம், மிஷனரிமார் பள்ளிகளில் ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாணத்துத் தமிழர், கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையே 1886-ல் ரயில் ஓடத் தொடங்கிய காலத்தை ஒட்டி இங்கு வந்து, ரயில்வேயிலும் கஜானாவிலும் நில அளவை இலாகாவிலும் கிராணிமாராக அமர்ந்து, பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் குடியேறி, ஸ்காட் சாலையில் கந்தசுவாமிக்குக் கோயில் எழுப்பினர். ஒரு சாரார் உடலால் உழைத்தனர்; மறு சாரார் எழுத்தால் உழைத்தனர்; இரு சாராரும் துரையின் ஆணைக்குக் காத்திருந்தவர்களே. அவ்வாறு காத்திருந்த தலைமுறைகள், தம் மக்களேனும் தமக்குத் தாமே எஜமானராக வாழவேண்டும் என்று டாக்டருக்கும் வக்கீலுக்கும் எஞ்சினீயருக்கும் படிக்க வைத்தது இயற்கையே. ஆகையால், உதவியாளர் என்ற பதவியைக் கேட்டவுடன் கிள்ளானில் ஒரு முதியவருக்கு நெஞ்சு வலிப்பதை அறியாமை என்று எவரும் தள்ளிவிடலாகாது.

சாஸ்திரங்களிலும் அவருக்கு ஆதரவு உண்டு. மனு ஸ்மிருதி பிராமணனுக்குரிய ஜீவனோபாயங்களைப் பகுக்குமிடத்து, பிறரிடம் சேவகம் செய்து பிழைப்பதை நாயின் பிழைப்பாக வைத்து விலக்குகின்றது. வைணவமோ ஜீவனுக்குப் பாரதந்திரியமே, அதாவது பிறர்க்கு ஆட்பட்டிருத்தலே, இயற்கை என்று கூறினாலும், ஆட்பட வேண்டியது நாராயணனுக்கே என்று உடனே வரையறுத்துவிடுகின்றது. கிள்ளான் சுந்தரராஜப் பெருமாள் சந்நிதியில் கைங்கரியம் செய்பவருக்குக் கிட்டும் பெருமை, கோபுரம் போன்ற வணிகக் கட்டிடத்தின் நாற்பதாவது மாடியில் டத்தோவின் நாளேட்டைப் பராமரிப்பவருக்கு எவ்வாறு கிட்டும் என்று ஒருவர் கேட்டால், அதற்கு எளிதில் விடை சொல்லிவிட இயலாது. அதற்குமேல், தன் தர்மம் குறையுடையதாயினும் பிறர் தர்மத்தைவிட மேலானது என்ற கீதையின் உபதேசமும் இங்கே எடுத்துக்காட்டப்படுவதுண்டு; ஆசிரியைக்கு ஆசிரியத் தொழிலே சுயதர்மம் ஆகாதா என்பது அவ்வாறு எடுத்துக்காட்டுவோரின் வாதம்.

இந்தக் கடைசி வாதத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். அர்ஜுனன் குருக்ஷேத்திரத்தில் வில்லைக் கீழே போட்டபோது, இனிப் பிச்சை ஏற்று வாழ்வதே மேல் என்று சொன்னான் அல்லவா? அதுவும் தொழில் மாற்றமே. பகவான் அதனை மறுத்ததற்குக் காரணம், பிச்சை ஏற்று வாழும் துறவு இழிந்தது என்பதன்று. அர்ஜுனனுடைய அந்த விருப்பம் சோகத்திலும் மயக்கத்திலும் பிறந்தது என்பதும், அவனுடைய சுபாவத்துக்கு அது ஒவ்வாது என்பதுமே காரணம். ஆகவே சுயதர்மத்தைப் பற்றிய ஆராய்ச்சியில் நாம் பார்க்க வேண்டியது பதவியின் பெயரை அன்று, மாற்றத்தைத் தூண்டிய உள்ளத்தையும் அதற்கு அடியில் உள்ள சுபாவத்தையும் ஆகும். வகுப்பறையின் இரைச்சலுக்கு அஞ்சி ஓடுபவரை, அதே சலிப்பு அலுவலக மேசையிலும் தொடர்ந்து வந்து பற்றிக்கொள்ளும். மேற்சொன்ன பெண்மணியோ, பள்ளியில் தமக்கு உண்மையான மகிழ்ச்சி தந்தவை கால அட்டவணை வகுப்பதும், விளையாட்டுப் போட்டி நாளுக்கு ஏற்பாடு செய்வதும், தலைமையாசிரியைக்குக் கடிதங்கள் வரைந்து கொடுப்பதுமே என்று ஆழ்ந்து யோசித்துக் கூறினார். பிறர் தம் வேலையைச் செவ்வனே செய்வதற்கு வேண்டிய ஒழுங்கை அமைத்துக் கொடுப்பது அவருடைய சுபாவம்; அவர் வெளித்தோற்றத்தில் மட்டும் தொழிலை மாற்றினார்; உள்ளே உள்ள தர்மத்தை மாற்றவில்லை.

தலைமையை விட்டுத் தொண்டுக்கு வந்தவர்களை நம் சமயம் எவ்வாறு மதித்தது என்பதற்குத் திருநாவுக்கரசரைக் காட்டிலும் பெரிய சான்று வேண்டுவதில்லை. மருணீக்கியார் என்ற இயற்பெயருடைய அவர், சமண சமயம் புகுந்து, பாடலிபுரத்து மடத்தில் தருமசேனர் என்னும் பெயருடன் தலைவராக வீற்றிருந்தவர். சூலை நோய் வருத்த, திருவதிகையில் அலகிட்டும் மெழுகியும் தொண்டு செய்துகொண்டிருந்த தமக்கையார் திலகவதியாரிடம் மீண்டு வந்து, பின்னர் வாழ்நாள் முழுவதும் கையில் உழவாரப் படையேந்திக் கோயில் முற்றங்களில் புல் செதுக்கினார். மடத்துத் தலைமை எங்கே, புல் செதுக்கும் பணி எங்கே! ஆயினும் சைவ சித்தாந்தம் சரியை என்னும் தாச மார்க்கத்துக்கு அவரையே உதாரண புருஷராக நிறுத்தி வணங்குகின்றது. வாதாபிப் போரில் வெற்றி கண்ட பரஞ்சோதியார் என்னும் படைத்தலைவர், அடியார்களுக்குச் சிறியராய் நின்று பணி செய்தமையால் சிறுத்தொண்டர் எனப் பெயர் பெற்று நாயன்மார் வரிசையில் இடம்பெற்றதும் இதே மதிப்பீட்டினால்தான்.

அவர்கள் ஊதியம் பெற்றார்களா, ஊதியத்துக்குச் செய்வது தொண்டாகுமா என்று கேட்கலாம். அதற்கும் பெரியபுராணத்திலேயே அழகியதொரு விடை இருக்கின்றது. நாடு பஞ்சத்தால் வாடிய காலத்தில், திருவீழிமிழலையில் இறைவன் அப்பருக்கும் சம்பந்தருக்கும் நாள்தோறும் படிக்காசு வழங்கினான் என்றும், அப்பருடைய காசு வட்டம் இல்லாமல் முழு மதிப்புடன் மாறியது, சம்பந்தருடைய காசுக்கோ கடைக்காரர் வாசி பிடித்தனர் என்றும், அப்பர் கைத்தொண்டு செய்தவராதலின் அவ்வேறுபாடு உண்டாயிற்று என்றும் சேக்கிழார் கூறுகிறார். கையால் உழைத்தவனுக்கு உரிய கூலி குறையில்லாத நாணயமாக வரவேண்டும் என்பதைப் பரமனே ஒப்புக்கொண்டதாக நம் பக்தி நூல் கருதுகின்றது. ஊதியம் தொண்டைக் கெடுப்பதில்லை. ஊதியத்தின் பொருட்டு மனசாட்சியை ஒப்படைப்பதே அதனைக் கெடுக்கும்.

இனி, காரியதரிசி என்ற பதவியையே வாழ்வின் மாற்றமாக ஏற்றுக்கொண்ட ஒருவரைப் பற்றிச் சொல்லவேண்டும். பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் உள்ள விவேகானந்த ஆசிரமத்தை அறியாத தமிழர் இந்நகரில் இல்லை. சுவாமி விவேகானந்தர் 1902-ல் மறைந்து இரண்டே ஆண்டுகளில், 1904-ல், அவருடைய பெயரால் இங்கு ஆசிரமம் தோன்றிற்று. அதன் முன்பு நிற்கும் சிலையை வணங்கிச் செல்பவர் பலர். ஆனால், எந்த உபதேசங்களுக்காக அச்சிலை எழுப்பப்பட்டதோ, அவ்வுபதேசங்களை நமக்குக் காத்துக் கொடுத்தவர் ஜோஸையா ஜான் குட்வின் என்னும் ஆங்கில இளைஞர் என்பதை நினைப்பவர் சிலரே.

குட்வின் சுருக்கெழுத்தில் வல்லவர். விவேகானந்தர் எழுதி வைத்துப் படிக்கும் வழக்கம் இல்லாதவர். சபையில் நின்றவுடன் ஊற்றெடுத்துப் பெருகும் அவருடைய ஆங்கிலத்தையும், இடையிடையே வந்து விழும் சம்ஸ்கிருதப் பதங்களையும் பின்தொடர்ந்து எழுத முயன்றவர்கள் முடியாமல் விலகிப் போயினர். அந்நிலையில், 1895 டிசம்பரில், நியூயார்க்கில் இருந்த அன்பர்கள் குட்வினைச் சம்பளத்துக்கு அமர்த்தினர். கூலிக்கு எழுத வந்தவர், எழுதிய பொருளால் ஆட்கொள்ளப்பட்டு, சில நாட்களிலேயே சம்பளம் வேண்டாம் என்று மறுத்துச் சீடரானார். பகலில் சொற்பொழிவைக் குறித்துக்கொள்வார், இரவில் அதனைத் தட்டெழுத்தாக்குவார், அச்சுக்கு அனுப்புவார், சுவாமியின் அன்றாடத் தேவைகளையும் கவனிப்பார். அக்குளிர்காலத்தில் நியூயார்க்கில் நிகழ்ந்த கர்மயோகச் சொற்பொழிவுகள் 1896-ல் புத்தகமாக வெளிவந்தன. இன்று உலகமெங்கும் வாசிக்கப்படும் ‘கர்மயோகம்’ அதுவே.

சுவாமி 1897 ஜனவரியில் கொழும்பில் வந்திறங்கியபோதும் குட்வின் உடனிருந்தார். யாழ்ப்பாணம், பாம்பன், இராமநாதபுரம், மதுரை, கும்பகோணம், சென்னை என்று அந்த வெற்றி ஊர்வலம் நகர்ந்த இடங்களில் எல்லாம், கூட்டம் சுவாமியின் திருமுகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, இவர் தம் குறிப்பேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியில் அந்த ஜனவரியில் அவ்வுபதேசத்தைக் கேட்ட மண்ணிலிருந்தே, சில ஆண்டுகளுக்குள், பிரிக்பீல்ட்ஸுக்கு மேலும் கிராணிமார் வந்து சேர்ந்தனர் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். குட்வின் 1898 ஜூன் 2-ஆம் நாள், முப்பது வயதும் நிரம்பாத நிலையில், நம் உதகமண்டலத்தில் ஜுரத்தால் மாண்டார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். செய்தி கேட்டுக் கலங்கிய விவேகானந்தர், அவருக்குத் தாம் பட்ட கடன் தீர்க்க முடியாதது என்று வெளிப்படையாகக் கூறியதோடு, அவருடைய தாயாருக்கு ஓர் இரங்கற்பாவும் எழுதி அனுப்பினார்.

கர்மயோகத்தைப் பேசியவர் விவேகானந்தர்; பேசப்பட்ட அந்த நாட்களிலேயே, அதே அறையின் ஓரத்தில் அமர்ந்து, பெயரையும் பயனையும் வேறொருவரிடம் விட்டுவிட்டுத் தம் செயலை மாத்திரம் பற்றிக்கொண்டு, அதனைக் கையால் நிகழ்த்திக் காட்டியவர் குட்வின். அவ்வுபதேசத்துக்கு அவருடைய குறிப்பேட்டைவிடச் சிறந்த வியாக்கியானம் எனக்குத் தெரியவில்லை.

இருபது ஆண்டுகள் கழித்து இந்தியாவிலும் இதனை ஒத்த வரலாறு நிகழ்ந்தது. சட்டம் கற்று, கூட்டுறவு வங்கியொன்றில் அதிகாரியாக ஊர் ஊராகச் சென்று கணக்குகளைப் பார்வையிட்டு வந்த மகாதேவ தேசாய், 1917-ல் தம் இருபத்தைந்தாவது வயதில் அவ்வுத்தியோகத்தை விட்டுக் காந்தியடிகளின் அந்தரங்கக் காரியதரிசியானார். கடிதங்களுக்கு விடை எழுதுவது, வருவோரை எதிர்கொள்வது, பத்திரிகைக்கு எழுதுவது, காந்தியடிகள் பேசியவற்றையெல்லாம் நாட்குறிப்பில் பதிப்பது என்று இருபத்தைந்து ஆண்டுகள் ஓய்வறியாமல் உழைத்து, 1942 ஆகஸ்டு 15-ஆம் நாள், புனாவில் ஆகாகான் மாளிகைச் சிறையில் தம் தலைவரின் அருகிலேயே உயிர் நீத்தார். காந்தியடிகளின் சத்திய சோதனையை உலகம் ஆங்கிலத்தில் வாசிப்பது அவருடைய மொழிபெயர்ப்பினால்தான். அதைவிட நம் பொருளுக்கு முக்கியமானது மற்றொன்று: கீதைக்குக் காந்தியடிகள் குஜராத்தியில் எழுதிய அநாசக்தி யோகம் என்னும் விளக்கத்தை ஆங்கிலமாக்கி, விரிவான முன்னுரையும் எழுதியவர் தேசாயே, அந்நூல் அவர் இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1946-ல் வெளிவந்தது.

பற்றற்ற செயலைப் பற்றி நவீன இந்தியா உலகத்துக்கு அளித்த இரு பெரும் விளக்கங்களும் காரியதரிசிகளின் கைவழியாகவே வந்தன என்பது தற்செயலாக இருக்கலாம். ஆனால் மூல நூலையே எடுத்துப் பார்த்தால் அவ்வாறு எண்ணத் தோன்றவில்லை. கீதையை நமக்குச் சொன்னவர் யார்? கண்ணன் சொன்னான், அர்ஜுனன் கேட்டான் என்று சொல்லிவிட்டு நாம் மேலே சென்றுவிடுகிறோம். ஆனால் எழுநூறு சுலோகங்களும் நம் செவிக்கு எட்டுவது சஞ்சயனுடைய வாய்வழியாகவே. சஞ்சயன் திருதராஷ்டிரனுடைய பணியாளன். தேரோட்டும் சூத குலத்தவன். போருக்கு முன் அரசனுடைய தூதனாகப் பாண்டவரிடம் சென்று வந்தவன். கண்ணில்லாத அரசனுக்குக் கண்ணாக இருப்பது அவன் வேலை. வியாசர் திவ்விய திருஷ்டி தர முன்வந்தபோது, தன் குலத்தின் அழிவைக் காண விரும்பாத அரசன் அதனை மறுத்து, கேட்டால் போதும் என்றான். ஆதலின் அந்தத் திருஷ்டி பணியாளனுக்குக் கிடைத்தது. எஜமானன் வேண்டாம் என்று ஒதுக்கிய விசுவரூப தரிசனம் காரியதரிசிக்கு வாய்த்தது!

இன்னும் கவனிக்க வேண்டியது, கீதையின் முடிவு. தான் கண்டதையும் கேட்டதையும் நினைந்து நினைந்து மெய்சிலிர்த்த சஞ்சயன், கடைசியாக, வெற்றி எந்தப் பக்கம் நிற்கும் என்ற தன் முடிவைத் திருதராஷ்டிரனிடம் சொல்லிவிடுகிறான். கேட்டுக்கொண்டிருப்பவன் துரியோதனனுடைய தந்தை. சொல்லப்படுவதோ அவன் மக்கள் தோற்பார்கள் என்பது. உப்பிட்டவன் முகம் வாடுமே என்று அவன் உண்மையை மறைக்கவில்லை. உண்மை தெரிந்துவிட்டதே என்று பணியை உதறி ஓடவும் இல்லை. அரசன் செய்த பிழையை அரசனிடமே எடுத்துரைத்துக்கொண்டு, அவன் கேட்டவற்றுக்கெல்லாம் விடை சொல்லிக்கொண்டு, இறுதிவரை அருகில் இருந்தான். பிறருக்கு ஆட்பட்டவன் சுதந்திரம் உடையவனாக இருக்க முடியுமா என்ற வினாவுக்கு என் உள்ளம் ஏற்கும் விடை இதுவே: நேரத்தையும் திறமையையும் உழைப்பையும் ஒருவருக்குக் கொடுத்துவிடலாம், கண்டதைக் கண்டபடி சொல்லும் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டவன் எவனுக்கும் அடிமை ஆகமாட்டான்.

இந்த எல்லையைக் கடந்தவனின் கதி என்ன என்பதை மாரீசன் காட்டுகின்றான். அவனும் இராவணனுக்கு முதலில் நல்லதையே சொன்னான்; சீதையைக் கவர்வது குலநாசம் என்று எச்சரித்தான். ஆனால் மிரட்டலுக்கு அஞ்சி உடன்பட்டு, பொன்மானாகி, அம்பு பட்டு விழும்போது இராமனுடைய குரலில் ஓலமிட்டான். மற்றொருவர் குரலில் பேசுவது காரியதரிசியின் அன்றாடக் கடமை. அவர் வரைகின்ற ஒவ்வொரு கடிதமும் அத்தகையதே. ஆகையால் அந்தக் குரலைப் பொய்க்குக் கொடுக்கும் ஆபத்தும் அன்றாடம் அவரைச் சூழ்ந்திருக்கின்றது. அறையில் இருப்பவரை இல்லை என்று சொல்வது, நடவாத தீர்மானத்தைக் கூட்டக் குறிப்பில் நடந்ததாக எழுதுவது, நேற்றைய காகிதத்துக்குச் சென்ற மாதத் தேதி இடுவது என்று அது சிறிது சிறிதாக வளரும். எச்சரித்துவிட்டேன் என்ற திருப்தி மாரீசனைக் காப்பாற்றவில்லை என்பதை மறக்கலாகாது.

நம் தமிழ் நெஞ்சம் செஞ்சோற்றுக் கடனைப் பெரிதும் போற்றுவது. கர்ணனுக்காகவும் கும்பகர்ணனுக்காகவும் கண்ணீர் விடாத தமிழர் இல்லை; பட்டிமன்றங்களில் அவர்கள் பக்கம் கரவொலி எழாத நாளில்லை. அவர்களுடைய நன்றியுணர்ச்சி நம் வணக்கத்துக்கு உரியதே. ஆனால் அவர்கள் உயிரைக் கொடுத்தும் எஜமானரின் அதர்மத்தைத் தடுக்க முடியவில்லை, அதன் ஆயுளைச் சிறிது நீட்டித்தே கொடுத்தார்கள் என்பதையும், விபீஷணன் தன் அண்ணனைச் சபையில் நேருக்கு நேர் தடுத்து, கேளாதபோது வெளியேறினான் என்பதையும் சேர்த்தே சிந்திக்க வேண்டும். திருவள்ளுவர் மன்னரைச் சேர்ந்தொழுகுவோர், குளிர்காய்பவர் நெருப்பிடம் நிற்பதுபோல அகலாமலும் அணுகாமலும் நிற்க வேண்டும் என்று வகுத்தார். அதிகாரத்தை மிக நெருங்கினால் அதன் குற்றங்கள் நம்மையும் பற்றும். மிக விலகினால் அதற்கு உதவ முடியாது. இரண்டுக்கும் நடுவே நிற்கும் இடத்தை நாள்தோறும் புதிதாகக் கண்டுகொள்வதே இப்பதவியின் தவம்.

இவ்விடத்தில் எஜமானர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். பலன் கருதாது பணிசெய் என்ற உபதேசம் ஒவ்வொருவரும் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ள வேண்டியது. சம்பளம் கொடுப்பவர் சம்பளம் வாங்குபவரிடம் சொல்வதற்குரியது அன்று. இரவு பதினொரு மணிக்குக் கைபேசியில் ஆணை அனுப்பிவிட்டு, தைப்பூசத்துக்கும் விடுப்பு மறுத்துவிட்டு, தொண்டுள்ளம் வேண்டும் என்று பேசுவது சமயத்தின் பெயரால் செய்யும் சுரண்டல் ஆகும். திருவீழிமிழலைப் பெருமான் அப்பருக்குக் குறையில்லாத காசு கொடுத்தான். விவேகானந்தர் தம் கடனை உலகறியச் சொன்னார். உரிய ஊதியமும், உரிய ஓய்வும், செய்த வேலையைச் செய்தவர் பெயரால் குறிப்பிடும் நேர்மையும் இல்லாத இடத்தில், பணியாளருடைய பற்றின்மை அவரை உயர்த்தக்கூடும். எஜமானரை அது பாவத்திலேயே ஆழ்த்தும்.

துணைநிற்பவர் என்றென்றும் துணையாகவே ஒடுங்கிவிடுவர் என்ற அச்சத்துக்கும் இந்தப் பள்ளத்தாக்கிலேயே விடை இருக்கின்றது. பூச்சோங்கில் சுத்த சமாஜத்தைத் தோற்றுவித்த சுவாமி சத்தியானந்தா 1961-ல் மறைந்தபோது, அவருடைய சிஷ்யையாக அருகிலிருந்து பணிகளைத் தாங்கிவந்த அன்னை மங்களம் அப்பொறுப்பை ஏற்று, 2023-ல் தாம் மறையும் வரையில், ஆதரவற்ற குழந்தைகளுக்குத் தாயாக இருந்து நடத்தினார். ஒரு காரியத்தின் உட்புறத்தை அதன் அருகில் நின்று சேவை செய்தவர் அறிவதுபோல் வேறெவரும் அறியார். ஆகவே அதனைத் தாங்கும் தோளும் அவருக்கே வாய்க்கின்றது. அந்த வாரிசுரிமையை வேண்டிப் பணி செய்யக்கூடாது. வந்தபோது அஞ்சி விலகவும் கூடாது.

கிள்ளானில் இருக்கும் அந்தத் தந்தையாருக்கு நான் பணிவுடன் சொல்லக்கூடியது இதுதான். தோட்டத்துக்கும் துறைமுகத்துக்கும் நம் முன்னோரைக் கொண்டுவந்த கட்டாயத்துக்கும், உங்கள் மகள் இன்று செய்துகொள்ளும் தேர்வுக்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு. அவர்களுக்கு மறுக்கும் வாய்ப்பு இல்லை, இவருக்கு உண்டு. இவர் அவ்வேலையில் மறுக்கக் கூடியவராக இருக்கும் வரையில், அது சேவகம் ஆகாது, சேவையாகவே இருக்கும். அதற்கு வேண்டிய துணிவை அவருக்குக் கொடுத்ததே நீங்கள் கொடுத்த படிப்பு.

தொழில் மாற விரும்பும் ஏனையோரும் மூன்றைத் தம்முள் தெளிந்துகொண்டு முடிவு செய்வது நலம். நான் எதையேனும் விட்டு ஓடுகிறேனா, அன்றி என் சுபாவம் என்னை இதனிடம் அழைத்து வருகின்றதா? என் உழைப்பினால் வளரப் போகும் காரியம் உலகத்துக்குத் தீங்கில்லாததா? உண்மையைச் சொல்ல வேண்டிய நாளில், சொல்லிவிட்டு நிற்கவும், வேண்டுமானால் எழுந்து வெளியே வரவும் எனக்குத் திராணி உண்டா? மூன்றுக்கும் நல்ல விடை கிடைத்தவர் தயங்க வேண்டியதில்லை. அதன்பின் அவர் செய்ய வேண்டியது தொழிலைக் கசடறக் கற்பதே. குட்வினுக்கு எவ்வளவு பக்தி இருந்தும், சுருக்கெழுத்து வராமல் போயிருந்தால் விவேகானந்தரின் வார்த்தைகளில் பெரும்பகுதி நியூயார்க்கின் காற்றோடு போயிருக்கும். அன்பு மாத்திரம் உடையவர் அருகில் இருக்கலாம்; அன்போடு திறமையும் உடையவரே உதவ முடியும். ஆகவே தொண்டு செய்ய விரும்பும் உள்ளம், கடிதம் வரையவும், கணக்குச் சரிபார்க்கவும், காலத்தை வகுக்கவும், அறிந்ததைக் காக்கவும் கற்றுக்கொள்ளும் ஒவ்வொரு பொழுதையும் தன் சாதனையின் பகுதியாகவே கருத வேண்டும்.